பெரும்பாக்கத்துக்கு ஏன் இவ்வளவு ஆசை?

"ரெண்டாயிரம் பேரு வெளம்பரத்தத் தொட்டிருக்கான்னு சொல்லுத. கடையில ஈ, காக்காவக் காணோமேடே?"

கடை முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சி கேட்டதும் அஸ்வத் லேப்டாப்பை மூடினான். தி.நகர் வடிவு சில்க்ஸின் ஆன்லைன் விளம்பரத்துக்கு அவன்தான் பொறுப்பு. ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் கூட்டம் வராவிட்டால் வேலை காலி. ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டில் 'மார்க்கெட்டிங் மேனேஜர்' என்று பத்திரிகையே அடித்துவிட்டார்கள், பாவிகள்!

விளம்பரம் தொடங்கிய அன்று லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார் அண்ணாச்சி. ஊழியர்களைக் கூப்பிட்டு, "இத எம்புட்டுப் பேரு அமுக்குதாங்களோ, அம்புட்டுக்குக் கடை தழைக்கும்" என்றார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பதினெட்டு ரூபாய் போகும் என்பதை அஸ்வத் அவர் காதில் மட்டும் சொன்னான்.

அந்தப் பணத்துக்காக முதலில் வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர் மெஹபூப் அலி. "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று இருபத்திரண்டு வருஷம் வாசலில் நின்று கூப்பிட்டவர்.

"வாசல்ல கத்துற காலமெல்லாம் போச்சு அண்ணாச்சி" என்று அஸ்வத்தேதான் சொன்னான். மெஹபூப் அலி கடைத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் விளம்பர ரிப்போர்ட்டில், அமுக்கலில் புறநகர்ப் பெரும்பாக்கம் முதலிடம்.

"அண்ணாச்சி, மயிலாப்பூர், அடையாறுல போடறது தண்டம். எல்லாத்தையும் பெரும்பாக்கத்துல கொட்டுவோம்."

"துட்டுக்கு எங்கடே போக?"

"பட்டு செக்ஷன்ல ஆறு பேர் சும்மாத்தானே நிக்கறாங்க?"

ஆறு பேரும் போனார்கள். பெரும்பாக்கத்தில் அமுக்கல் மூன்று மடங்கானது. "பாத்தீங்களா!" என்று குதித்தான் அஸ்வத். அந்தச் சூட்டோடு இன்னும் பதினோரு பேர் போனார்கள். அமுக்கல் அதற்குமேல் எகிறியது.

இப்போது புடவை மடிக்க ஆளில்லை. அண்ணாச்சியே மடித்தார். தப்பித்தவறி வந்த ஒரு மாமியும் எடுத்துக் காட்ட ஆளில்லாமல் எதிர்க்கடைக்குப் போனாள்.

அண்ணாச்சி மடித்த புடவையைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பெரும்பாக்கத்துலருந்து ஒரு ஆளாவது வரணும். இல்ல, நீயும் கெளம்பிரு."

மறுநாள் காலை அஸ்வத் கை நிறைய நோட்டீசோடு பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏறினான். அவ்வளவு ஆசைப்படுகிறவர்களைக் கையைப் பிடித்தாவது கூட்டிவந்துவிட வேண்டும்.

குடியிருப்பு வாசலில் தண்ணிக் குடத்தோடு மெஹபூப் அலி.

"இன்னா சார், உன்னையும் தூக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல பாய்." அஸ்வத்துக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "இன்னிக்கு ஆள் வரலைன்னா தூக்கிடுவாங்க. நம்ம விளம்பரத்தை இந்த ஏரியாலதான் நிறைய பேர் தொடறாங்க. அவங்களைத் தேடி வந்தேன்."

மெஹபூப் அலி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவன் தோளில் கைபோட்டார்.

"பயப்படாத சார். வேலை போன பதினெட்டு பேரும் இங்கதான கீறோம். வூட்டு ஆளுங்க போனையெல்லாம் வாங்கி, காலீல எழுந்ததும் பத்து பத்து தபா அமுக்கிக்கினுதான் கீறோம். கடை தழைச்சா எங்கள மறுபடியும் கூப்புடுவாங்கல்ல?"