நேர்ந்துவிட்ட சேவலும் துரையின் தூண்டிலும்

என் வாழ்நாளில் நான் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் மீன் பிடிக்கப் போன கதையைச் சொல்லச் சொல்லி எங்கள் வீட்டில் என்னை விடுவதே இல்லை. நான் தயங்கினால் என் மனைவி தொடங்கிவிடுவாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய மடையனாகிவிடுகிறேன் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். ஹட்டன் டவுனில் வளர்ந்தவன். ஒரு கோட் வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள் பாக்கியத்தை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோயில் திருவிழாவில் அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து ஆபீஸில் என் கூட்டல் எல்லாம் தப்பாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் பார்க்க வருவதாக அப்பா ஹட்டனிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்.

தோட்டத்தை நடத்திய எங்கள் துரைக்கு ட்ரவுட் மீன் பைத்தியம். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. அதற்குப் புழு வைப்பது மரியாதைக் குறைவாம். சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றி, பூச்சி மாதிரி செய்து, தண்ணீர்மேல் மிதக்கவிட வேண்டும். (ஒரு மீனை ஏமாற்ற இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.) சீமையிலிருந்து வந்த இறகு தீர்ந்துபோய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை துரை என் மேசை முன் வந்து நின்றார்.

"கிளாக்கர், நல்ல சிவப்புச் சேவல் எங்கே இருக்கு? கழுத்து இறகு வேணும். உன்னால முடியுமா?"

துரை என்னிடம் நேராக எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. மலையைப் பெயர்த்துக்கொண்டு வா என்றிருந்தாலும் "முடியும் சார்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

தேடிப் பார்த்தால் தோட்டம் முழுக்க அப்படி ஒரு சேவல்தான் இருந்தது. அது கங்காணி வீட்டுச் சேவல். காலில் மஞ்சள் துணி கட்டி முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். சாமிக்கு நேர்ந்ததைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நேர்ந்தது சேவலைத்தானே, இறகையா நேர்ந்தார்கள்? திரும்ப முளைக்கிற சாமான்தானே? இந்த ஆபீஸ் புத்தியோடு, அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிடி அரிசியுடன் போனேன். துரைக்குத் தேவை கொஞ்சம் இறகுதான். சேவல் போட்ட கூச்சலில் பதறிப்போய், கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டேன். நான் விட்டபோது அதன் கழுத்தில் ஒன்றுமே மிச்சமில்லை.

துரைக்கு ஒரே சந்தோஷம். ஞாயிறன்று என்னையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனார். இரண்டு மீன் பிடித்த பிறகு, நீயும் வீசிப் பார் என்று தூண்டிலைத் தந்தார். அந்தத் தூண்டிலை முன்னால் வீசுவதற்கு முதலில் பின்னால் வீச வேண்டும். பின்னால் போன நூல் நீளும்வரை பொறுத்திருக்க வேண்டும். நான் எங்கே பொறுத்தேன்? முதல் வீச்சில் துரையின் தொப்பி பறந்தது. அடுத்ததில் நூல் அறுந்து வெறுமனே வந்தது. பூச்சி ஆற்றோடு போய்விட்டது என்று துரை நினைத்தார், நானும்தான். நேரமாகிவிட்டதால் அதே கோட்டோடு ஓடினேன். வழியில் காத்திருந்த அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

கங்காணி வீட்டில் யார் முகமும் சரியில்லை.

"குறையா நினைக்காதீங்க," என்றார் கங்காணி அப்பாவிடம். "மகளுக்கு நல்ல மாப்பிள்ள அமையணும்னு நேந்துவிட்ட சேவலுங்க. எவனோ ஒரு பாவி கழுத்த மொட்டையடிச்சிட்டான். சகுனம் சரியில்லன்னு வீட்டுல ஒரே அழுக. இந்தப் பேச்ச கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்போங்கிறாங்க."

என் கல்யாணத்துக்காக நேர்ந்த சேவலை நானே உரித்துவைத்திருக்கிறேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அவன சும்மா விடக்கூடாதுங்க. கட்டிவச்சு அடிக்கணும்," என்றேன். (கோட் போட்ட தைரியம்.)

அப்போது பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு என் பின்பக்கமாக அடுப்படிக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். என் முதுகில் ஏதோ இழுபட்டது.

"அம்மா, இங்க வந்து பாருங்க. இவங்க கோட்டுல நம்ம சேவல் இறகு."

நடு முதுகில், முள்ளோடு குத்திக்கொண்டு, துரையின் பூச்சி சிவப்பாக இருந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கங்காணி எழுந்து நின்றார். பாக்கியத்தை இனிமேல் திருவிழாவில்கூடப் பார்க்க முடியாது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாக்கியம்தான் பேசினாள், முள்ளைக் கழற்ற முயன்றுகொண்டே.

"ஏம்மா அழுறீங்க? மாப்பிள்ள வரணும்னுதானே சேவல நேந்தீங்க. அது தூண்டில்ல மாட்டி இழுத்துக்கிட்டு வந்து வீட்டுக்குள்ளயே விட்டிருக்கு. நல்ல மாப்பிள்ளையான்னுதான் இனிமே பாக்கணும்."

அவள் அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். கங்காணி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"குறையுள்ள சேவல சாமிக்குக் குடுக்க முடியாது. இறகு முளைக்கட்டும், அப்புறம் கல்யாணம். முளைக்க வைக்கிறது தம்பி பொறுப்பு."

மறுநாளிலிருந்து ஆபீஸுக்குப் போகுமுன் அங்கே போய்ச் சேவலின் கழுத்துக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினேன். பாக்கியம் அதைப் பிடித்துக்கொள்வாள். அவளிடம் சாதுவாக இருக்கும், என்னைக் கொத்தும். கல்யாணத்துக்கு முன்பே தினமும் பேசிச் சிரிக்கும் பாக்கியம் அந்தக் காலத்தில் வேறு எவனுக்குக் கிடைத்தது? முதல் இறகு எட்டிப் பார்த்தபோது, இதற்குள் என்ன அவசரம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

கல்யாணம் நல்லபடி நடந்தது. கங்காணி சொன்ன வார்த்தை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பரீட்சை முடிவு வரவில்லையா, கைக்குழந்தைக்குப் பல் வரவில்லையா, இன்றைக்கும் யாராவது ஒருவர் "இறகு முளைக்கட்டும்" என்பார், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாக்கியத்தின் அண்ணன், தோட்டத்து மக்களிடமிருந்து பறித்துவிட்ட இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். ஒவ்வொரு தடவை வெறுங்கையோடு திரும்பும்போதும் மாமனார் அவரிடம் அதையேதான் சொன்னார், சிரிக்காமல். கடைசியில் ஒருநாள் கண்டியிலிருந்து அண்ணனின் தந்தி வந்தது. தந்தி என்றதும் பதறிப்போய் ஓடிவந்தோம். நான்தான் பிரித்துப் படித்தேன்: "இறகு முளைத்துவிட்டது."