மாமனார் காருக்கு நான் எழுதிய மரணச் சான்றிதழ்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. கற்றுக்கொடுத்தது ஒரு சின்னக் கார்.

கண் மங்கியதும், எங்களோடு இருக்கும் மாமனார் அதை என் மனைவி கோமதிக்குக் கொடுத்திருந்தார். குன்னூரிலிருந்து பிக்கட்டிப் பள்ளிக்கு அவள் பாடம் நடத்தப் போவது அதில்தான். ஒரு மாதமாக ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது.

"ஜெயந்திகிட்டக் காட்டலாமுங்க," என்றாள். ஜெயந்தி எங்கள் தெருமுனையில் கார் பட்டறை வைத்திருப்பவர்.

நானோ ஆறு வீடியோ பார்த்திருந்தேன். (அதில் இரண்டு இந்தி. எனக்கு இந்தி தெரியாது.) உடனே ஒரு கம்ப்ரஷன் கேஜ் வரவழைத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் இதைத் திருகி, சாவியைப் போட்டு இன்ஜினைச் சுழலவிட்டால், சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று முள் காட்டும். குறைந்தது நூற்றைம்பது வர வேண்டும் என்றது வீடியோ. மூன்று சிலிண்டரிலும் எனக்கு வந்தது தொண்ணூறு, எண்பத்தெட்டு, நாற்பது.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அறிவித்தேன். "மாமா, இன்ஜின் முடிஞ்சுபோச்சுங்க. இனி இரும்பு விலைதான்."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்துபோய், தோள் துண்டால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதாவது என் வாய் அடங்கியிருக்க வேண்டும். மறுநாளே காயலான் கடைக்காரரை வரச் சொன்னேன்.

அவர் கயிறோடு வந்த நேரத்தில் கோமதி ஜெயந்தியைக் கூட்டிவந்துவிட்டாள். நான் எழுதிவைத்த எண்களை ஜெயந்தி நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்ண்ணா, சுத்தும்போது ஆக்சிலேட்டர மிதிச்சீங்களா?"

"வண்டி ஓடலையே. எதுக்கு மிதிக்கோணும்?"

"மிதிக்காட்டி உள்ள காத்தே போகாதுங்ண்ணா. மூக்கப் புடிச்சுக்கிட்டு மூச்சு இழுக்கச் சொல்லியிருக்கீங்க. இன்ஜின் சூடா இருந்துச்சுங்களா?"

"இல்ல."

கேஜின் முனையைத் தடவிப் பார்த்தார். "காத்துக் கசியாம இருக்க இதுக்கு ஒரு ரப்பர் வளையம் வருமே."

அது பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. (உபரி என்று நினைத்திருந்தேன்.)

ஜெயந்தி இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றினார். கோமதி ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருகினாள். நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பத்தாறு.

"நூத்தம்பது வரலையே," என்றேன். (ஒரு கார் செத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே தருணம் அது.)

"அது கீழ கோயமுத்தூர்க் கணக்குங்ண்ணா. மலை மேல காத்து லேசு, கம்மியாத்தான் காட்டும். மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வருதான்னுதான் பாக்கோணும். ஒட்டித்தான் வந்திருக்குது."

அவர் முகத்தில் துளி கேலியில்லை. நானாக இருந்தால் தெருவையே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எலிக்கூடு, கோமதி தேடிக்கொண்டிருந்த கேள்வித்தாள்கள் அதில் பஞ்சு பஞ்சாகக் கிடந்தன. காற்றுப் போகும் வழியே அடைத்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மாமனாரிடம் போனார். "ஐயா, இன்ஜின நல்லா வெச்சிருந்திருக்கீங்க." மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியதை மறைக்கத் திரும்பிக்கொண்டார். காயலான் கடைக்காரர், தன் டெம்போவையும் பார்க்கச் சொல்லி ஜெயந்தியைக் கையோடு அழைத்துப் போனார்.

கார் இன்னும் பிக்கட்டி போய் வருகிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று நான் தெர்மாமீட்டரை எடுத்தால் போதும், மாமனார் மெல்லச் சொல்வார்: "இருங்க மாப்ள, எதுக்கும் ஜெயந்தி ஒரு எட்டு வந்து பாத்துடட்டும்."