தாய்மாமனோடு திருடுபோன கார்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் "இதை எவன் திருடப் போறான்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெண்ணைப் பெற்றவரிடம் "இவளை யார் கட்டிக்கப் போறா?" என்று கேட்டதுபோல் சுருக்கென்று குத்தும். என் ஆபீஸில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

வேலை மாற்றலாகி தேவகோட்டையிலிருந்து புதுப்பட்டினத்துக்கு நான் வந்த வருடம் அது. கணவர் தோஹாவில். மகன் திருச்சியில், ஹாஸ்டலில். என்னோடு வந்தது அந்த வெள்ளைக் கார் மட்டும்தான். (பெயர் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த மாதிரிக் காரில்தான்.) கணவர் ஆசை ஆசையாக வாங்கியது. தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து, "கார் எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் போனைத் திருப்பிப் பிடித்துக் காட்டுவேன். முன்பக்கம், பின்பக்கம், நாலு டயர். அதற்குள் அவருக்கு ஷிஃப்ட் வந்துவிடும். நான் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்ததெல்லாம் வீண்.

அப்படி இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு பழைய காரின் கண்ணாடியை உடைத்து, பேட்டரி, ஸ்டீரியோ, ஸ்டெப்னி எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. மெக்கானிக் பாபுவிடம் ஓடினேன்.

"புது வண்டின்னா சாவிக்குள்ளயே சிப்பு கீது மேடம். வேற சாவி போட்டா ஸ்டார்ட்டே ஆவாது. உங்க வண்டிக்கு அதெல்லாம் இல்ல. தேஞ்சுபோன சாவி எத்த வுட்டாலும் தொறந்துக்கும்" என்றார் பாபு, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

அன்றே ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே மாட்டுகிற சிவப்பு இரும்புத் தடி ஒன்று வாங்கினேன். யாராவது தொட்டால் ஊளையிடுகிற அலாரம் வைத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். அதை அமுக்காமல் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் போகாது. காரைத் தெருவிளக்குக்குக் கீழே, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். மொத்தத்தில், என்னைவிடக் கார் பத்திரமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை முழுக்க நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கூட்டத்தைப் பார்த்தாலாவது தேவலை என்று திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினேன். கல்யாணத் தடை நீங்க மாலை வாங்கிக்கொண்டு பிரகாரம் சுற்றும் கோயில் அது. கல்யாணமாகிப் பதினாறு வருடமான நான், கையில் மாலை இல்லாமல் தனியாகச் சுற்றினேன். அர்ச்சகர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்தேன். முகூர்த்த நாள், எங்கே பார்த்தாலும் கார்கள். வேப்பமரத்தடியில் என் வெள்ளைக் கார் நின்றது. சாவி கொஞ்சம் முரண்டு பிடித்தது. கடல் காற்றில் துருவேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. அலாரம் கத்தவில்லை.

உட்கார்ந்ததும் பூட்டைக் கழற்றக் கையை நீட்டினேன். ஸ்டீயரிங்கில் சிவப்புத் தடி இல்லை. சீட்டுக்கு அடியில் தடவினேன், சுவிட்சும் இல்லை. ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

புத்தியுள்ளவர் யாராக இருந்தாலும் "இது நம் கார் இல்லையோ" என்று ஒரு கணம் யோசித்திருப்பார். நான் மாதக்கணக்கில் திருடனை மட்டுமே யோசித்தவள். வந்துவிட்டான், பூட்டைத் திருடிவிட்டான், வண்டியை எடுக்கத் திரும்பி வருவான். அவ்வளவுதான். சாவியைத் திருப்பினேன். சுவிட்ச் இல்லாமலே ஸ்டார்ட் ஆனது. (ஒயரையும் வெட்டிவிட்டான், பாவி.) பின்னாலிருந்து கொர், கொர் என்று ஒரு சத்தம். சைலன்ஸரிலும் கை வைத்துவிட்டான் என்று முடிவு செய்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறித் தெற்கே பறந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் சைலன்ஸர் பேசியது.

"மண்டபம் வந்துட்ச்சாமா?"

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பட்டு வேட்டி, கசங்கிய சட்டை. திருடன் திருடிவிட்டு, களைத்துப்போய், என் காரிலேயே தூங்கியிருக்கிறான்.

"நீ பொண்ணு வூட்டு ஆளா?" என்றார்.

"ம்" என்றேன். திருடனிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று எங்கோ படித்த ஞாபகம்.

அவர் மடியிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார். உள்ளே தங்கம் மின்னியது. "பத்திரமா கீது" என்று மூடிவைத்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நேராக மாமல்லபுரம் ஸ்டேஷன் என்று தீர்மானித்துவிட்டேன்.

"சாப்ட்டியாமா?" என்றார்.

நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

"காலைலேர்ந்து ஓடிகினு இருந்திருப்ப. மூஞ்சே வாடிப் போயிட்ச்சு. மண்டபம் போனதும் மொதல்ல நாஸ்தா துன்னு. அப்பறமா வேலையப் பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாலை சரியாகத் தெரியவில்லை. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, சாப்பிட்டாயா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒரு திருடன் வர வேண்டியிருந்தது. ஒரு நிமிடம், இவரை இப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு கணவரின் காரை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், திருடனைக் கொண்டுவந்திருக்கேன்."

"கொண்டுவந்தீங்களா? எங்க?"

"கார்ல. பின்சீட்ல."

அவர் எழுந்திருப்பதற்குள் திருடனே படியேறி உள்ளே வந்துவிட்டார். நாலு பக்கமும் பார்த்தார்.

"இன்னாமா இது மண்டபம்? வாசல்ல ஒரு வாழ மரங்கூட கட்டல."

அடுத்த ஐந்து நிமிடங்களை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. சப்-இன்ஸ்பெக்டர் என் கார் நம்பரைக் கேட்டார். சொன்னேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "வெளிய நிக்கிறது வேற நம்பர் மேடம்" என்றார் மெதுவாக. பெரியவர் பெயர் கன்னியப்பன், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். குடும்பம் கோயிலுக்குள் போயிருக்க, தாலிப் பெட்டியோடு காருக்குள் காவல் இருந்தவர், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு அசந்துவிட்டார்.

ஆக, கார், தாலி, தாய்மாமன் மூன்றையும் ஒரே நேரத்தில் திருடியவள் நான்.

"இங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரலில் இப்போது மரியாதை குறைந்திருந்தது.

கணவருக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ். பால். வாட்டர் கேன். மெக்கானிக் பாபு. வாட்டர் கேன்காரருக்கு என் மாடிப்படி தெரியும். என்னைத் தெரியும் என்று சொல்வாரா? நான் தலை குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்மா இந்தப் பொண்ண" என்றார் கன்னியப்பன்.

"எவ்ளோ நாளா?"

"தோ, திருவிடந்தைலேர்ந்து." பிறகு இரண்டு கையையும் விரித்தார். "சாவி தொறந்துகிச்சு, ஏறி வந்துட்ச்சு. நானுந்தான் ஏமாந்து வந்தேன். முகூர்த்தத்துக்கு நேரமாவுது, வுட்டுடும்மா."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்பை முன்னால் அனுப்பினார். பின்னால் நான் ஓட்டினேன். என் பக்கத்தில், இப்போது முன்சீட்டில், தாய்மாமன்.

திருவிடந்தைக்குள் நுழையும்போதே என் கார் ஊளையிடுவது கேட்டது. மாப்பிள்ளையின் தம்பி அதைத் தங்கள் கார் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். அவர் சாவிக்கும் அது திறந்துகொண்டது. ஆனால் அலாரம் கத்தி, சிவப்புத் தடி மறித்து, வண்டி கிளம்பவே இல்லை. உள்ளே மாமாவும் இல்லை, தாலியும் இல்லை. சுற்றிலும் பாதிக் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. என் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் அன்று அற்புதமாக வேலை செய்தன. ஒரு கல்யாணத்தையே தடுத்து நிறுத்தியிருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்திருப்பேன். கன்னியப்பன்தான் இடையில் நின்றார். "அப்பறம் திட்டிக்கலாம்க்கா. வண்டில ஏறு."

முகூர்த்தம் முடிய அரைமணி இருக்கும்போது தாலி ஏறியது. நான் நழுவப் பார்த்தேன். கன்னியப்பன் கையோடு இழுத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்து, "இந்தப் பொண்ணு காலைலேர்ந்து துன்னல" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். எதிர் வரிசை முழுக்க என்னையே பார்த்தது. தலை குனிந்தபடி இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கத்துக்குப் பசி தெரியுமா?

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

ஆகவில்லை. இன்னும் ஓடுகிறது. அவரும் இன்னும் தோஹாவில்தான் இருக்கிறார்.

ஆனால் அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எனக்குப் பத்திரிகை வந்துவிடுகிறது. வளைகாப்பு, புதுமனை, எல்லாவற்றுக்கும். வாசலிலேயே யாராவது கையை நீட்டி, "சாவியக் குட்துட்டு உள்ள போங்க" என்பார்கள். போன மாதம் குழந்தைக்குக் காதுகுத்து, முட்டுக்காட்டில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என்னைப் புதிதாகப் பார்த்தார்.

"நீங்க மாப்பிள சைடா, பொண்ணு சைடா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சோறு போட வந்த மாப்பிள்ளையின் தம்பி சொன்னார்.

"ரெண்டும் இல்ல சித்தி. இவங்க திருடன் சைடு."

அந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து, எனக்கு நன்றாக இடம்விட்டு உட்கார்ந்தார்.