மூன்று கிலோவும் ஒரு திருகும்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கொஞ்சம் அதிகப்படியான சௌக்கியம், அதில்தான் சிக்கல். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் சுகாதார நிலைய நர்ஸம்மா ஊரையே எடை பார்த்துவிட்டுக் கூட்டம் போட்டார். "குண்டாயிட்டீங்கன்னு திட்ட வரல. கைக்கு எட்டுற இடத்துல எது இருக்கோ அதைத்தான் யாரும் தின்பாங்க. நடக்க வழியே இல்லாத ஊர்ல நடங்கன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். அதன்பின் ஊரே சேர்ந்து வாய்க்கால் கரையில் முள்ளை வெட்டிப் பாதை போட்டது, பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, அப்பா நம் மளிகைக் கடையில் பழக்கூடையை முன்னால் வைத்து, சிப்ஸையும் கலர் சோடாவையும் ஸ்டூல் போட்டு ஏறினால் மட்டுமே எட்டும் மேல்தட்டுக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஊரின் மொத்த எடை குறைந்திருந்தால் பாதைக்கு விளக்கு என்று சுகாதார அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். குறையாவிட்டால் அந்த விளக்கு பக்கத்து ஊருக்கு. மாலை வகுப்பு முடிந்து நாங்கள் ஆறு பெண்கள் அந்த இருட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டேதான் வருகிறோம். பாட்டு ஆசைக்கு இல்லை, பயத்துக்கு.

மேல்தட்டுக்குப் போன பாக்கெட்டுகளை யாரும் மறக்கவில்லை. முடிவெட்டும் மாமா தினமும் வந்து, "என்ன மச்சான், சிப்ஸுக்குப் பதவி உயர்வா? கீழ இறக்கிவிடுங்க, பேசிப் பாக்குறேன்" என்பார். அப்பா ஏறுவார், இறங்குவார். தேதி முடியப்போவதை, "வீணாத் தூக்கிப் போட முடியுமா?" என்று அவரே தின்பார். இந்த எடைக் குறைப்புத் திட்டத்துக்கு ஊரில் போட்ட குழுவின் தலைவரும் அவர்தான். எல்லார் முன்னாலும் எடை மேடையில் ஏறி அவர் தலைகுனிய வேண்டாமென்று, மறு எடைக்கு முந்தின நாள், ஊரை எடை பார்க்க நம் கடையில் வைத்திருந்த மெஷினைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் திருகைக் குத்துமதிப்பாக மூன்று கிலோ குறைத்துக் காட்டும்படி திருகிவிட்டேன். பயத்தில் முள்ளைக்கூடப் பார்க்கவில்லை, சித்தி.

மறுநாள் ஊரே இளைத்துவிட்டது. அப்பா நாலு கிலோ, முடிவெட்டும் மாமா மூன்று. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அறிக்கை அனுப்பினார். அளவு நாடா மாதிரி இருக்கும் தையல்காரரும் இரண்டு கிலோ குறைந்துவிட்டார். அவர் மனைவி கடைக்கே வந்து, "அண்ணே, இந்த மனுஷன்கிட்ட இருந்ததே ரெண்டு கிலோ சதை. அதையும் உங்க திட்டம் பிடுங்கிக்கிச்சே" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வேளைக்கு மூன்று முட்டை. என்னால் ஒரு மனிதர் முட்டையாய் விழுங்குகிறார்.

நாளை மறுநாள் மேலதிகாரி வேறு மெஷினோடு சரிபார்க்க வருகிறார். ஊர் முழுக்க ஒரே நாளில் மூன்று கிலோ ஏறும். விளக்கு போகும், அப்பா மானம் போகும், நர்ஸம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சித்தப்பாவுக்குத் தராசு சரிபார்க்கும் வேலைதானே. விடியற்காலைப் பால் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வாருங்கள். சித்தப்பா ஏதாவது சொன்னால் அதிகாரி கேட்பார்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு இரண்டு முத்தம். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள்,
பெரியவள்

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு, திருகைப் பழையபடி வைக்கலாமென்று கடைக்குள் போனேன். முதலில், பிரிக்காத இருபத்தைந்து கிலோ சர்க்கரை மூட்டையை இழுத்து மெஷினில் ஏற்றினேன். முள் சரியாக இருபத்தைந்தில் நின்றது. திருகை இந்தப் பக்கம் ஐந்து சுற்று, அந்தப் பக்கம் ஐந்து சுற்று சுற்றினேன். முள் அசையவில்லை. அது எப்போதோ கழன்று சும்மா சுற்றுகிற திருகு. ஊர் நிஜமாகவே இளைத்திருக்கிறது, சித்தி. அப்பாகூட, ஸ்டூலில் ஏறி இறங்கியே. தையல்காரர்தான் பாதையில் காலை மாலை இரண்டு வேளையும் விடாமல் நடந்தவராம். அவருக்கு முட்டை தொடரட்டும். அப்புறம் நானும் ஏறிப் பார்த்தேன். பயத்தில் நாலு நாளாக மேல்தட்டில் கை வைத்தது நான்தான். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன். அதிகாரி வரும் அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லப்போகிறேன்.