நாகேந்திரனும் கிளிஞ்சல் தூளும்

வருகிற ஆடிக்குள் பன்றிக் கொட்டகையின் நிர்வாகம் தன் கைக்கு வந்தாக வேண்டும் என்று நாகேந்திரன் சபதம் எடுத்தார். அப்போது அவர் கையில் இருந்தது துடைப்பம்.

இருபத்து நான்கு வருஷம் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தவர் அவர். மேஜையில் தோலை விரித்தால் போதும். கையால் தடவியே இது முதல் ரகம், இது மூணாம் ரகம், இந்த ஆட்டை உண்ணி கடித்திருக்கிறது என்று ஜாதகம் சொல்லிவிடுவார். எல்லாரும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன தை மாதம் கம்பெனிக்குள் ஒரு கேமரா மிஷின் வந்தது. அதுவும் தோலைப் பார்த்து ரகம் சொன்னது. அதற்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம், சார் என்றும் கூப்பிட வேண்டாம். இவருக்கு ஒரு சால்வையைப் போர்த்தி ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சால்வை பாலியஸ்டர்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே வேறொரு கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கலையரசி ஐந்து வருஷத்துக்கு முன்னால் பயிற்சி மையத்தில் இரண்டு வெண்பன்றிக் குட்டிகளை வாங்கிவந்து ஆரம்பித்தது. இன்றைக்கு முப்பத்திரண்டு உருப்படி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, கறி தின்று, தூங்கி எழுந்து ஆம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு இது இவ்வளவு பெரிதாக வளர்ந்திருப்பதே தெரியாது. முதலாளி அவள். மேனேஜர் அவள். தீவன அறைச் சாவி அவள் இடுப்பில். அந்தக் கம்பெனியில் காலியாக இருந்தது கழுவுகிற வேலை ஒன்றுதான்.

கழுவினார். மூன்று மாதம் கழுவினார். பக்கத்து நிலத்து சம்பத் வரப்பில் நின்றபடி, “இன்னா நாகேந்திரா, அண்ணி சொன்ன வேலை எல்லாம் முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுப் போவான். இருபத்து நான்கு வருஷம் சாராக இருந்த மனுஷனுக்கு இது எப்படி இருக்கும்?

ஒருநாள் மூன்றாம் நம்பர் அடைப்பில் இரண்டு பன்றிகளுக்குக் காலில் தோல் வறண்டு வெடித்திருப்பதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

“மூணாம் நம்பர்ல தோல் எப்படி இருக்குது, பாத்தியா?”

“பாத்தேங்க. இந்தப் புதுத் தவிடு வந்ததுல இருந்துதான். தாது உப்புல ஜிங்க் பத்தல. கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கேன். ரெண்டு வாரத்துல சரியாயிடும்.”

“தோலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“அங்க நீங்க பாத்தது செத்த தோலுங்க. இது உயிரோட இருக்குது. ரெண்டாம் நம்பர் கழுவிட்டீங்களா?”

கழுவவில்லை. அன்று அவர் எதையும் கழுவவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பழைய சிநேகிதன் ஜியாவுதீனுக்குப் போன் போட்டார். ஜியாவுதீன் இன்னும் அதே கம்பெனியில் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொள்கிறவர்.

“பாய், ஒரு சந்தேகம். தோல் விறைப்பா இருக்குது. வளைச்சா வெடிக்குது. இன்னா கோளாறு?”

“சுண்ணாம்பு கம்மி, தோஸ்த். வேற இன்னா? ஜாஸ்தி பண்ணு. எந்தக் கம்பெனில சேந்துட்ட?”

“சொந்தமா.”

“மாஷா அல்லா! சரக்கு எவ்ளோ?”

“முப்பத்திரண்டு,” என்று சொல்லி, அந்த முப்பத்திரண்டும் குழியில் ஊறுகிற தோலா, அடைப்பில் உறுமுகிற உயிரா என்ற விவரத்தைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. தோலுக்கு சுண்ணாம்பு. இருபத்து நான்கு வருஷமாகக் கண்ணால் பார்த்த வித்தை. இதற்குப் போய் எலக்ட்ரானிக் தராசு வைத்து கிராம் கணக்கில் ஏதோ பொடியை நிறுத்துக்கொண்டிருக்கிறாள், பைத்தியக்காரி!

கொட்டகைக்கு அடிக்கிற சுண்ணாம்பைத் தீவனத்தில் போடும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. முட்டைக் கோழிக்குப் போடுகிற கிளிஞ்சல் தூள் இருக்கிறதே, அதுவும் சுண்ணாம்புச் சத்துதானே? உள்ளூரில் வாங்கினால் சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதனால் வேலூர் வரை பஸ்ஸில் போய் ஒரு மூட்டை வாங்கி வந்து வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்தார். தீவனம் கலப்பது கலையரசி. வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஊற்றுவது அவர். அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருபது அடி தூரம். அந்த இருபது அடியில் வாளிக்கு ஒரு பிடி விழுந்தது.

ஒரு வாரத்தில் இரண்டு பன்றி ஐந்து பன்றி ஆனது. சரி, ஒரு பிடி பத்தவில்லை என்று இரண்டு பிடி போட்டார். ஐந்து ஒன்பது ஆனது. காதுக்குப் பின்னால், தொடையில், வயிற்றில் எல்லாம் பொருக்குத் தட்டி மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. தீவனம் தின்பதும் குறைந்துபோனது. கலையரசி அளவுகளை எழுதி வைத்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தராசில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாள். கடைசியில் கால்நடை டாக்டர் பாரதியை வரவழைத்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பன்றியாகப் பார்த்தார். “ஜிங்க் போடறீங்களா?”

“கூட்டியே போடறேன், மேடம். கேக்க மாட்டேங்குது.”

“அப்ப கால்சியம் எங்கிருந்தோ ஜாஸ்தியா போகுது. சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மேல போனா ஜிங்க்கை உடம்புல ஏற விடாது. நீங்க எவ்ளோ போட்டாலும் வேஸ்ட்டு. தீவனத்துல எதுனா மாத்தினீங்களா?”

“இல்லையே, மேடம்.” கலையரசி மெல்லத் திரும்பினாள். “ஏங்க, நீங்க எதுனா கலந்தீங்களா?”

“நானா? நான் வாளி தூக்கறவன்தானே!” என்றார் நாகேந்திரன், ரோஷத்தோடு.

எதிரே ஒரு பெட்டைப் பன்றி சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பாவம், வாயில்லாத ஜீவன். தன் வீம்புக்காக அதைச் சொறிய வைத்துவிட்டோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாரே ஒழிய, வாயைத் திறக்கவில்லை. ஒப்புக்கொண்டால் துடைப்பமும் கையைவிட்டுப் போய்விடும்.

கிளிஞ்சல் அன்றோடு நின்றது. பொருக்கு மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் இளகும் என்று டாக்டர் சொல்லிப் போயிருந்தார். அந்த வேலையை நாகேந்திரன் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒன்பது பன்றிக்கும் காலையும் மாலையும் தடவினார். செய்த பாவத்துக்குப் பரிகாரம். ஆனால் மூன்றாவது வாரம் பொருக்கு உதிர்ந்து, அடியில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் தெரிந்ததும் பாவம் மறந்துபோய்விட்டது. எண்ணெயும் தன் கையும்தான் குணப்படுத்தின என்று அவர் மனசார நம்ப ஆரம்பித்துவிட்டார். மனுஷ மனசு இருக்கிறதே, அதைப் போல ஒரு திருடன் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை மகளிர் குழுக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. பதினாறு பெண்கள். சம்பத்தும் ஏதோ சாக்கில் வாசலில் வந்து நின்றான். இதைவிட நல்ல சபை கிடைக்குமா?

“எல்லாரும் நல்லா பாத்துக்குங்க,” என்றார் நாகேந்திரன், எல்லாரையும் கொட்டகைக்கு அழைத்துப்போய் ஒரு பன்றியின் முதுகைத் தட்டி. “டாக்டரு, ஜிங்க்கு, தராசு, நோட்டு எல்லாம் இருந்துதான் இதுங்களுக்குப் பொருக்கு வந்துது. போனது யாரால?”

எல்லாரும் கலையரசியைப் பார்த்தார்கள். அவள் எதிர்த்துப் பேசுவாள், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று அவர் நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தார்.

“அவரு கை பட்டுத்தாங்க ஆச்சு,” என்றாள் கலையரசி. “இருபத்து நாலு வருஷ சர்வீஸு. சும்மாவா?”

நான்கு பதில்களும் வீணாகப் போயின. அதுபற்றி அவருக்கு வருத்தமில்லை. சம்பத்தின் வாய் திறந்தபடி நின்றதே, அது போதும்.

“அப்ப சாவியைக் குடு. இனிமே பன்னிக் கொட்டாவை நான் பாத்துக்கறேன்.”

“ஐயோ, வேணாங்க! நாலு மணிக்கு எழுந்துக்கணும். கலக்கணும், கழுவணும், குட்டி போட்டா ராவெல்லாம் கூடவே இருக்கணும். உங்களால முடியாது.”

“யாருக்கு முடியாது? குடுடி சாவியை!”

கலையரசி தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பதினாறு பெண்கள் சாட்சியாக அவர் வாங்கிக்கொண்டார். ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கைப்பை, கையில் டிபன் டப்பாவோடு கலையரசி வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“வேலைக்குங்க. பயிற்சி மையத்துல தீவனப் பாடம் எடுக்கக் கூப்பிட்டாங்க. மாசிலேர்ந்து கூப்பிட்டுனேதான் இருக்காங்க. கொட்டாவைப் பாத்துக்க ஆளு இல்லன்னு சொல்லினு இருந்தேன்.”

“ஆளு இல்லையா? நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கறேனே! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?”

“கேட்டா? ‘நான் செலக்‌ஷன் சாரு, பன்னி மேய்க்கறவனா’ன்னு குதிச்சிருப்பீங்க. இப்ப பாருங்க, சண்டை போட்டு வாங்கியிருக்கீங்க.” ஒடுகத்தூர் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அவள் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். “வைக்கோலுக்குப் பின்னால அரை மூட்டை கிளிஞ்சல் தூள் இருக்குதுங்க. சம்பத் வீட்டுக் கோழிக்குக் குடுத்துடுங்க. நம்மளுதுக்கு வேணாம்.”

பஸ் போய்விட்டது. நாகேந்திரன் வாசலிலேயே நின்றார். கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. மிஷினிடம் தோற்றபோது சால்வை கிடைத்தது. இங்கே அதுவும் இல்லை. உள்ளே முப்பத்திரண்டு உயிர்களும் பசியில் கத்த ஆரம்பித்தன. போய்த் தீவனம் கலந்தார். வேறு என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து, பயிற்சிக்கு வந்த பெண்கள் இருபது பேர் கொட்டகையைப் பார்க்க வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் கலையரசி. எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். அவள் தராசை எடுத்துவைத்துத் தாது உப்பு நிறுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். குறைந்தால் என்ன நோய், கூடினால் என்ன விஷம் என்று விளக்கினாள். நாகேந்திரன் வாளியோடு ஓரமாக நின்றார். திமிரியிலிருந்து வந்த மனோரமா என்ற பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடிந்ததும் பெருமூச்சோடு எழுந்தாள்.

“மேடம், எங்க வீட்டுக்காரரு கொட்டா பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்றாரு. உங்க சாரை மட்டும் எப்படி மேடம் இப்படி வேலை செய்ய வெச்சீங்க?”

கலையரசி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி, உப்பு எடுப்பதுபோல் காட்டினாள்.

“தினம் இம்மாந்துண்டு மரியாதை. அவ்ளோதான். ஜாஸ்தி போட்டுடாதீங்க, தாங்காது.”