பெர்னிஸைச் சாப்பிட வைத்தவர்

கைவைக்காமல் இருக்க முடியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் இனம்தான், வெட்கப்பட்டு என்ன செய்ய? விதை முளைத்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்போம். ஆறி வருகிற புண்ணின் பொருக்கைப் பெயர்த்துப் பார்ப்போம். தூங்குகிறவரை எழுப்பி, நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று விசாரிப்போம். எல்லாம் அன்பினால்தான். அதுதான் ஆபத்தே.

எங்களில் தேர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகருக்கு வாருங்கள். லாயிட் ஹாவர்மேன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். தெருவில் யாருடைய புல்வெட்டும் இயந்திரம் இருமினாலும், அழைக்காமலே ஸ்பேனரோடு வந்து நின்று, நாளைக்குத் தானாகவே சரியாகியிருக்கக்கூடியதை இன்றைக்கே முழுதாகக் கெடுத்துக் கொடுப்பவர். அவர் மனைவி ரோண்டாவுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. இவர்களோடு பெர்னிஸ்.

பெர்னிஸ் ஒரு பாம்பு. மனிதர் கைப் பருமனில், பழுப்பும் கறுப்புமாக, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாதுவான ஆப்பிரிக்க மலைப்பாம்பு. லாயிட்டின் நண்பர் கஸ் தன் ஆண் பாம்பை இரவல் கொடுக்க, இந்த வசந்தத்தில் பெர்னிஸ் முட்டையிட்டது. இட்ட முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, மேலே தலையை வைத்து அடைகாக்கவும் உட்கார்ந்துவிட்டது. லாயிட் விடுவாரா? முட்டைகளை எடுத்துத் துணி துவைக்கும் அறையில் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார்.

சினையான பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாது. பெர்னிஸின் தோல் தொளதொளத்து முதுகெலும்பு மேடுகட்டித் தெரிந்தது. முட்டையிட்டாயிற்றே, இனிச் சாப்பிட வேண்டியதுதானே? பெர்னிஸ் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். பேருந்து ஓட்டுநருக்கு வேறு வேலை இல்லாமல் போனது. பாம்பின் போதாத காலம் என்றால் இதுதான்.

பெர்னிஸ் இருந்த பெட்டியின் சூட்டு விளக்கை ஏற்றினார், இறக்கினார். பாம்புத் தீனியாக உறையவைத்து விற்கும் எலியைத் தண்ணீரில் இளக்கி, ரோண்டாவின் முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, இடுக்கியில் பிடித்துக் கூத்துப் பொம்மை மாதிரி ஆட்டிக் காட்டினார். பெரிய எலி வேண்டாமா? சரி, சுண்டெலி. அதுவும் வேண்டாமா? கோழிச் சாற்றில் முக்கி எடுத்த சுண்டெலி. இவ்வளவுக்கும் நடுவில், பசி வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெர்னிஸ் தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

கஸ்ஸுக்குப் போன் போட்டார்.

"முட்டை வாசனை இருக்கிற வரைக்கும் இன்னும் அடைகாக்கிறோம்னுதான்டா அது நினைச்சுக்கும்," என்றார் கஸ். "பாம்பைக் குளிப்பாட்டு. பெட்டியைக் கழுவு. எலியைப் போடு. மூடு. போயிடு."

"போயிடுன்னா?"

"போயிடுன்னா போயிடுடா."

"எவ்வளவு தூரம்?"

கஸ் போனை வைத்துவிட்டார்.

லாயிட் குளிப்பாட்டினார், கழுவினார், போட்டார், மூடினார். கடைசிக் கட்டளை மட்டும் காதில் ஏறவில்லை. போனது துணி துவைக்கும் அறை வரைக்கும்தான். அங்கே முட்டைகளைத் தொட்டுப் பார்த்து, ஈரம் போதுமா என்று வருடிப் பார்த்து, டார்ச் அடித்து உள்ளே குஞ்சு தெரிகிறதா என்று பார்த்து, அதே கையோடு திரும்பிவந்து பெர்னிஸின் மூடியைத் திறந்தார். நாள் முழுக்க இதே நடை.

பெர்னிஸ் இளைத்தது. லாயிட்டும் இளைத்தார். ரோண்டா சுட்டுவைத்த இறைச்சி ரொட்டி மேசையிலேயே ஆறிக் கிடந்தது.

"பாம்பு சாப்பிடலைன்னு ஊரெல்லாம் போன் போடுறே. நீ சாப்பிடலைன்னு நான் யாருக்குப் போன் போட?" என்று கேட்டார் ரோண்டா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாயிட் முடிவெடுத்துவிட்டார். வாயைத் திறந்து திணித்துவிடுவது.

"ரோண்டா, வந்து தலையைப் பிடி."

"மாட்டேன். வாய் கிழிஞ்சா என்ன பண்ணுவே?"

"செத்துப் போயிடுவா, ரோண்டா." லாயிட் எலியைக் கீழே வைத்தார். "நான்தான் ஜோடி சேர்த்தேன். நான்தான் முட்டையை எடுத்தேன். இப்போ என் கையாலேயே..."

ரோண்டாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். லாயிட் கையைப் பெட்டிக்குள் விட்டார்.

பெர்னிஸ் இந்த முறை தலையை இழுத்துக்கொள்ளவில்லை. நாக்கை நீட்டி அவர் விரல்களைத் தடவியது. பிறகு மெதுவாக, யோசித்து யோசித்து ஊர்ந்துவந்து, அவர் கையை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. உடம்பை இறுக்கி அணைத்துக்கொண்டு, அவர் கைமுட்டியின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணாடிக் கண்ணோடு அப்படியே அமர்ந்துவிட்டது.

"பாரு, என்னைத் தேடியிருக்கா!" என்று கண் கலங்கினார் லாயிட்.

"தேடலை, லாயிட்," என்றார் ரோண்டா. "அவ உன்னை அடைகாக்குறா."

லாயிட் தன் கையைப் பார்த்தார். சூட்டுப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். அவர் பேருந்தை ரிவர்ஸ் எடுப்பதைவிட மெதுவாக விஷயம் அவருக்குப் புரிந்தது.

"அப்போ இவ்வளவு நாளா..."

"முட்டை இங்கேயேதான் இருக்குன்னு நீதான் வந்து வந்து சொல்லிட்டுப் போயிருக்கே. அவளைக் குளிப்பாட்டினியே, நீ எப்போ குளிச்சே?"

ரோண்டா சுருளை நிதானமாகப் பிரித்தார். பாம்பையும் பெட்டியையும் மறுபடி கழுவினார். கணவரைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பொழுது சாய்ந்ததும் ஒரு சுண்டெலியை வெதுவெதுப்பாக்கி வைத்து மூடிவிட்டு, லாயிட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனார். கார் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அங்கே லாயிட் இரண்டு தட்டு மக்காச்சோளமும் பன்றி விலாவும் சாப்பிட்டதாகவும், தங்கை வீட்டுக் குழாய் ஒன்றைப் பழுதாக்கியதாகவும் கேள்வி.

மறுநாள் காலை வந்து பார்த்தால் சுண்டெலி இல்லை. பெர்னிஸின் நடுவயிற்றில் சின்னதாக ஒரு புடைப்பு. லாயிட் துள்ளிக் குதித்தார். ரோண்டாவைக் கட்டிக்கொண்டு சமையலறை முழுக்கச் சுற்றினார். அப்புறம் முகம் லேசாகச் சுண்டிப்போனது.

"நான் இல்லாதப்போ சாப்பிட்டிருக்கா."

"நீ இல்லாததாலேதான் சாப்பிட்டிருக்கா."

"சரிதான்... ஆனா நல்லா உள்ளே இறங்கிடுச்சான்னு கொஞ்சம் தூக்கித் தடவி..."

சாப்பிட்ட பாம்பைத் தூக்கினால் அத்தனையையும் கக்கிவிடும். ரோண்டா அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பாம்பாவது, எலியாவது, நமக்கும் இந்தக் கூத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே? இருக்கட்டும். பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு வந்த உங்கள் மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். கொஞ்ச நேரம் தனியாக விடச் சொன்னாள், நீங்களும் விட்டுவிட்டீர்கள். இப்போது எழுந்து அந்தப் பக்கம் போகிறீர்களே, கதவைத் தட்டவா? சேச்சே, உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? கைப்பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் போகிறீர்கள்.