கூரை மேல எழுதுன பேரு

பாதர் எங்கிட்ட சொன்னது ஒரே ஒரு வேலைதாங்க. சோலர் பெனல் வாங்கிக் குடுத்தவங்க பேரெல்லாம் ஒரு பலகையில எழுதி, கோயில் வாசல்ல மாட்டணும். அவ்வளவுதான்.

அதை மட்டும் செஞ்சிருந்தா இந்தக் கதையே இல்ல.

எங்களது கண்டி டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி, மலைச்சரிவுல இருக்கிற பழைய மாதா கோயில். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கரண்ட் பில் ஏறுன ஏத்தத்துல பாதர் பூசை நேரத்துல பாதி ஃபேனை நிப்பாட்டிட்டாரு. பிரசங்கத்தை மட்டும் சுருக்கல. அப்புறம்தான் சோலர் யோசனை வந்துச்சு.

கோயில் பங்குச் சபைத் தலைவர் சேவியர் அங்கிளுக்கு அது பிடிக்கவே இல்ல. "பழைய கோயிலோட மூஞ்சியே கெட்டுரும் பாதர்!"ன்னு ஒரே பிடிவாதம். கடைசியில ரெண்டு கண்டிஷன் போட்டாரு. பெனல் எல்லாம் ரோட்டுக்குத் தெரியாம பின்பக்கக் கூரையில இருக்கணும். மாதா திருநாளுக்குள்ள கரண்ட் வரணும், இல்லன்னா அத்தனையும் கழட்டிறணும்.

பாதர் சரின்னுட்டாரு. மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்குனாரு. குடும்பத்துக்கு ஒரு பெனல்னு கேட்டு வாங்கி, மாட்டியும் முடிச்சாச்சு. திருநாளுக்கு முந்தின நாள் வந்து கனெக்ஷன் குடுக்கிறதா கம்பனிக்காரங்க சொல்லிட்டுப் போனாங்க. கூரைக்கு ஏறக் கட்டுன சாரத்தை மட்டும் கழட்டல.

அந்தச் சாரத்தைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. அது எப்பவாவதுதான் வேலை செய்யும், அதுதான் பிரச்சினையே.

நம்ம சனத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியும்தானே? கோயிலுக்கு ஒரு கதிரை குடுத்தாலும் அதோட முதுகுல பேர் இருக்கணும். எங்க கோயில்ல ஃபேனுல பேர் இருக்கு. மைக் ஸ்டாண்டுல பேர் இருக்கு. தரை கழுவுற வாளியிலகூட "அன்பளிப்பு"ன்னு போட்டு ஒரு குடும்பத்துப் பேர் இருக்கு. இப்படிப்பட்ட சனத்துக்கு வாசல்ல ஒரு பலகை போதுமா? பெனல் மேலயே எழுதிட்டா என்ன!

முதல்ல ரோஸ்மேரி டீச்சர்கிட்ட சொன்னேன். செத்துப்போன அம்மா நினைவா ஒரு பெனல் குடுத்தவங்க.

"நல்லாத்தான் இருக்கு ஜெரால்ட். ஆனா பின்பக்கக் கூரையில எழுதினா யாரு வாசிப்பா? புறாவா?"

"மேல் ரோட்டை மறந்துட்டீங்களே டீச்சர்!"

கண்டியில அது ஒரு வசதி. கீழ் ரோட்டுக்கு மறைச்சது மேல் ரோட்டுக்குப் பளிச்சுன்னு தெரியும். மேல பஸ் ஹோல்ட்ல நின்னா எங்க பின்கூரை விரிச்சு வச்ச பேப்பர் மாதிரி இருக்கும்.

திகனயில லொறிக்கு போர்ட் எழுதுற ரஸீன் நானாவைக் கூட்டிட்டு வந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க 'நானா'ன்னுதான் கூப்பிடுவோம். திருநாளுக்கு முன்னாடி நடக்கிற நவநாள் பூசை வேலையில ஓடிட்டிருந்த பாதருக்கு ஒண்ணும் சொல்லல. சர்ப்ரைஸாம்!

நானா கூரையில. நான் மேல் ரோட்டு ஹோல்ட்ல, காதுல ஃபோனோட.

"தெரியுதா தம்பி?"

"தெரியல நானா. இன்னும் பெருசா!"

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் தடிப்பா!"

"ஷேடோ குடுத்தா எடுப்பா ஈக்கும் தம்பி. ரெண்டு பக்கமும் பூவும் போட்டுத் தாரன்."

"போடுங்க நானா!"

கறுப்புப் பெனல்ல வெள்ளைப் பெயின்ட், என்ன எடுப்பு! விஷயம் பரவி, ஒவ்வொரு குடும்பமா ஹோல்டுக்கு வந்து பார்த்துட்டுப் போனாங்க. ரோஸ்மேரி டீச்சர் அம்மா பேருக்கு மேல ஒரு சிலுவையும் ரெண்டு புறாவும் கேட்டாங்க. போட்டோம். சோலரே வேணாம்னு நின்ன சேவியர் அங்கிள்கூட, பேர் எழுதுறாங்கன்னு கேள்விப்பட்டு அவசரமா ஒரு பெனல் வாங்கிக் குடுத்தாரு, அதையும் ஓரத்துல மாட்டியாச்சு!

என் பெனல்ல என் பேர், மனைவி பேர், பிள்ளைங்க பேர், என் வேலை எல்லாம் போட்டேன். இடம் மிச்சம் இருந்துச்சு. மாமனார் பேரையும் போட்டேன்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில, நாவலப்பிட்டியில இருந்து தாரணின்னு ஒரு டெக்னீஷியன் பொண்ணு கனெக்ஷன் குடுக்க வந்துச்சு. நல்ல வெயில். கனெக்ஷன் குடுத்து, எவ்வளவு கரண்ட் வருதுன்னு காட்டுற சுவத்துப் பெட்டியைப் பார்த்துச்சு. ஃபோனைப் பார்த்துச்சு. மறுபடியும் பெட்டியைப் பார்த்துச்சு.

"என்ன பாதர், கால்வாசிகூட வரல்லையே?"

சாரத்துல ஏறிச்சு. அப்புறம் மேல இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"இந்தப் பெனலை எல்லாம் யாருங்க மூடி வச்சது?"

"மூடலம்மா, பேர்தான் எழுதியிருக்கு"ன்னேன்.

"வெயில் படுற இடத்துலயா எழுதுவாங்க? ஒரு பெனலை மறைச்சாலே அந்த வரிசையே படுத்துரும். இதுல மாமனாரோடு சேர்த்து ஒரு குடும்பமே ஒரு பெனல்ல நிக்குது. அது யாரு?"

நான் மெதுவா பாதருக்குப் பின்னால நகர்ந்தேன்.

பாதர் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவரே சாரத்துல ஏறுனாரு. ஒவ்வொரு பேரா வாசிச்சாரு. பூவையும் பார்த்தாரு.

"ஜெரால்ட், நான் கேட்டது பலகைதானே?"

"ஆமா பாதர்."

"பலகை எங்கயும் கிடைக்கலையா?"

திட்டியிருந்தாக்கூட பரவால்ல. மழையில குடையோட அந்த மனுஷன் அலைஞ்சது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. நாளைக்குக் கரண்ட் வரலன்னா கழட்டணும்ங்கிறதும் ஞாபகம் வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

நானாவுக்கு ஃபோன் போட்டேன். "இதை எப்படி நானா அழிக்கிறது?"

"அது லேசுல போகாது தம்பி!" குரல்ல அவ்வளவு பெருமை. "லொறிக்கு அடிக்கிற பெயின்ட். எந்த மழைக்கும் அசையாது."

பிளேட் போட்டா கண்ணாடி கீறிப்போகுமாம். ஸ்பிரிட்டைத் தொட்டு, துணியால கொஞ்சம் கொஞ்சமாத் துடைக்கச் சொல்லிட்டு, கரண்டை நிப்பாட்டிச்சு அந்தப் பொண்ணு. ஏணியில ஏறி பல்பு மாட்டக்கூட பயப்படுற நான், இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு கூரையில ஏறுனேன்.

அழிக்க ஆரம்பிச்சதும் ஃபோன் அடிச்சுச்சு. மேல் ரோட்டுல கூட்டம்! சேவியர் அங்கிள்தான்.

"ஏன்டா என் பேரை முதல்ல அழிக்கிற? வேணும்னேதானே?"

"அங்கிள், ஓரத்துல இருந்து வாறேன். உங்களது ஓரத்துல இருக்கு!"

"அப்போ மத்த ஓரத்துல இருந்து வா!"

அந்த ஓரத்துல ரோஸ்மேரி டீச்சரோட அம்மா பேர். உடனே அடுத்த ஃபோன். "ஜெரால்ட், செத்துப்போன மனுஷிய மறுபடியும் அழிக்கிறீங்களே!"

கடைசியில என் பேரையே முதல்ல அழிச்சேன். அதுக்கு மட்டும் ஒரு ஃபோனும் வரல. இல்ல, ஒண்ணு வந்துச்சு, மனைவி.

"என் பேரையுமா எழுதுனீங்க? நல்லாத் தேய்ங்க, அடையாளமே இருக்கக்கூடாது!"

அழிச்சு முடிச்சப்போ கை மரத்துப்போச்சு. தாரணி கரண்டைப் போட்டு, பெட்டியைப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச்சு. பாதர் நெஞ்சுல கை வச்சு ஒரு பெருமூச்சு விட்டாரு. அப்படியே சாரத்துலயே உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் திருநாள் பூசையில எல்லா ஃபேனும் சுத்துச்சு. சேவியர் அங்கிள் வந்தவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய், "நம்ம சோலர்"னு காட்டிட்டிருந்தாரு.

வாசல்ல ஒரு சின்னப் பலகை. பாதரே எழுதி மாட்டியிருந்தாரு. குடுத்தவங்க எல்லார் பேரும் இருந்துச்சு. அடியில தனியா ஒரு வரி: "மாசாமாசம் பெனல் கழுவுவது, அன்பளிப்பு: ஜெரால்ட்."

பரவால்லங்க, முதல் தடவையா என் பேர் யாருடைய வெயிலையும் மறைக்காம இருக்கு.